சோபாவில் பள்ளம் விழுந்த இடம்

எங்கள் வீட்டுக்கு ஸ்பீக்கர் பொருத்த வந்தவரைக் கடையில் எல்லாரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷம் தனியார் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். முதலாளி பஸ்களை விற்றுவிட்டுப் போனதும் ஹோம் தியேட்டர் கடையில் சேர்ந்துவிட்டார். தோல்பை போய்விட்டது, பேச்சு போகவில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் எடுக்கும்போதே, "இறங்கு, பார்த்து இறங்கு" என்றார். டிவிக்குக் கீழே தட்டின் உள்ளுக்குள் பதுங்கியிருந்த நடு ஸ்பீக்கரை விளிம்புக்கு இழுத்தார். "பேசற ஆள் நீதான். நீ போய் ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?"

மொத்தம் ஐந்து ஸ்பீக்கர், அதிர்வுக்கென்று கனமான பெட்டி ஒன்று. அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு எதுவாக இருந்தாலும் முதலில் பார்வைக்கு நேராக இருக்க வேண்டும். கூடத்தின் நடுவில் தன் புது சாய்வு நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அதன் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை.

"நான் இங்கதான் உட்காருவேன். இங்க நல்லா கேட்டா போதும்."

"கேக்கும் சார். அது சுலபம்."

அப்பா போன் பேச வாசலுக்குப் போனார். நான் பத்தாம் வகுப்பை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது மடியில் புத்தகம் இருந்தது. கண்டக்டர் ஏணியில் ஏறியதும் என் போனில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி அலாரம் வைத்து ஒளித்துவிட்டேன். அது கத்தியது. அம்மா குனிந்து சோபாவுக்கடியில் தேடினாள். கண்டக்டர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஜன்னல் திரை, இடது பக்கம், கீழ் மடிப்பு. எடுத்துக்க பாப்பா, சார்ஜ் போகுது."

அப்பாவிடம் அவர் என்னைப் போட்டுக்கொடுக்கவும் இல்லை. அதனால் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இவ்வளவு காது இருக்கு. அப்புறம் ஏன் நீங்க வந்ததும் உங்க கடை முதலாளி போன்ல அந்தக் கத்து கத்தினாரு?"

"ஒட்டுக் கேட்டியா?"

"ஒட்டவே வேண்டாம். தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு."

சிரித்தார். "ரெண்டு வீட்லேருந்து கம்ப்ளெயின்ட். மூணாவதா இங்கேருந்தும் வந்தா நாளையிலேருந்து குடோன்லதான் வேலை. பெட்டிக்கு வாயும் கிடையாது, காதும் கிடையாது. அங்க நான் யார்கூடப் பேசறது?"

"அவங்கெல்லாம் கேட்டுப் பார்க்காமலா கையெழுத்து போட்டாங்க?"

"அதான் விஷயம். நடுவுல உட்கார்ந்த சார் பிரமாதம்னு போட்டார். மறுநாள் போன் பண்ணினது, ஒரு வீட்ல அவர் சம்சாரம், இன்னொரு வீட்ல மாமியார். பேச்சே புரியல, சத்தம்தான் வருதுன்னு. கையெழுத்து ஒருத்தர் போடறாங்க, கஷ்டம் இன்னொருத்தர் படறாங்க. இனிமே அப்படி விடமாட்டேன்."

சொம்பை வைத்துவிட்டு சோபாவின் மேல் உள்ளங்கையை ஓட்டினார், துணிக்கடையில் புடவை பார்க்கிற மாதிரி. சுவரோரக் கடைசி மெத்தையில் கை பள்ளத்தில் இறங்கியது.

"இது யார் சீட்டு?"

அம்மா ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி, "நான்தான்... காய் நறுக்க உட்காருவேன்" என்றாள்.

"படம் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன். துணி மடிக்கற வேலை இருந்தா எழுந்து போயிடுவேன்."

துணி மடிக்கிற வேலை எங்கள் வீட்டில் ஒவ்வொரு படத்திலும் பத்தாவது நிமிஷத்தில் வரும். முன்பெல்லாம் அம்மா, "என்ன சொன்னான்?" என்று கேட்பாள். அப்பா "உஷ்" என்பார். போன வருஷத்திலிருந்து கேட்பதில்லை, துணிதான் மடிக்கிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. "எல்லாப் படத்துலயும் துணி இருக்கும்" என்று மட்டும் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

கண்டக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. ஒலியை அளக்க அப்பாவின் நாற்காலியில் நிறுத்தியிருந்த பென்சில் பருமன் மைக்கை எடுத்து, அந்தப் பள்ளத்தில் அம்மாவின் காது உயரத்துக்கு நிறுத்தினார். அவள் காதருகே தான் மாட்டியிருந்த பின்பக்க ஸ்பீக்கரைத் தானே கழற்றி, ஒரு முழம் மேலே ஏற்றி, எதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். அந்த மூலையிலேயே உறுமிக்கொண்டிருந்த அதிர்வுப் பெட்டியை டிவிக்கு மறுபக்கம் தள்ளினார். நடு ஸ்பீக்கரின் மூக்கை லேசாக நிமிர்த்தி, அதற்கு மட்டும் இரண்டு புள்ளி ஒலி கூட்டினார்.

அப்பா உள்ளே வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ? பெட்டி வேற கோணலா நிக்குது. பழையபடி வை. கையெழுத்து போடறது நான்தானே?"

ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே கண்டக்டர் நிதானமாகச் சொன்னார். "சார், பஸ்ல ஸ்டாப் பேரை டிரைவர் காதுல சொன்னா போதுமா? கடைசி சீட்டுக்குப் போய்ச் சேரணும். அதுவும் கத்தாம. முதல்ல ஒரு காட்சி பாருங்க. பிடிக்கலேன்னா நானே மாத்திட்டு, குடோனுக்குப் போயிடறேன்."

கடைசி வார்த்தை அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். அம்மாவைப் பள்ளத்தில் உட்காரவைத்தோம். படத்தில் அண்ணனும் தங்கையும் மாடிப்படியில் நின்று கிசுகிசுத்தார்கள், வெளியே நல்ல மழை. அப்பாவோ ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?" என்றார் அப்பா.

"சாவி அவன்கிட்ட இல்லையாம்" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உஷ்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பத்தாம் வகுப்பு அறிவியலில் மூழ்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கோணல் பெட்டியை முறைத்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.

கண்டக்டர் கையெழுத்துச் சீட்டை அவரிடம் கொடுக்கவில்லை. "பத்து நிமிஷம் போகட்டும் சார்" என்று வாசல் பக்கமாக நின்றுகொண்டார், ஃபுட்போர்டில் நிற்பதுபோல.

பத்து நிமிஷம் போயிற்று. கொடியில் துணி அப்படியே தொங்கியது. இருபது நிமிஷமும் போயிற்று. அப்போதுதான் அவர் மெல்ல நடந்துபோய்ச் சீட்டையும் பேனாவையும் அம்மா மடியில் வைத்தார். அண்ணன் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா குனிந்துகூடப் பார்க்காமல் கையெழுத்து போட்டாள். அது கோட்டை விட்டு ஏறி, கடையின் பெயர் மேலேயே போய் விழுந்தது.

கண்டக்டர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.