மகாராஜன் கடையில் பெய்த பனி

மகாராஜனை ஓர் இடத்தில் உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. கல்யாண மேடையிலிருந்தே எழுந்து போய் மைக் செட்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவன் என்று அவன் மனைவி செல்வராணி இன்றைக்கும் சொல்லுவாள். சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து மாமாவின் பலசரக்குக் கடையில் நின்றான். பருப்பைப் பொட்டலம் கட்டும்போதே வாய் பேசிக்கொண்டிருக்கும்; கால் வாசலுக்குப் போய்ப் போய் வரும். மாமா பொறுத்துப் பார்த்தார்.

"ஏலே, ஒனக்கு வாய் ஒரு பக்கம் ஓடுது, காலு ஒரு பக்கம் ஓடுது. எந்தக் கடையும் ஒனக்கு செட்டாவாது" என்று ஒருநாள் அனுப்பிவிட்டார்.

செட்டாகிற கடை ஒன்று இருக்கத்தான் செய்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து விற்றார். திரேஸ்புரம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, டிவியும் பெஞ்சும் வைத்து மகாராஜன் தொழிலில் இறங்கினான். கேசட்டின்மேல் இருந்தது சீன எழுத்தா ஜப்பான் எழுத்தா, கடவுளுக்கே வெளிச்சம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் திரையில் நாலு வரி ஓடும். அதை வாசிக்க ஊரில் ஆள் கிடையாது. இவன் யார், ஏன் குதிக்கிறான், அந்தத் தவளை ஏன் இவன்மேல் வந்து விழுகிறது, ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில்தான் மகாராஜன் புகுந்துகொண்டான்.

கட்டம் கட்டமாக ஒரு ஆள். முகம் என்று பார்த்தால் மூன்று புள்ளி. தலையில் உருண்டையாக ஏதோ ஒன்று.

"பேச்சி மவன் மீன் கூடையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான்" என்றான் மகாராஜன், பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு. "சாயர்புரத்துல கல்யாண வீடு. மத்தியானத்துக்குள்ள மீன் போய்ச் சேரலன்னா மாப்பிள்ள வீட்டுக்காரன் பந்தியில இருந்து எந்திச்சுப் போயிருவான்."

அவ்வளவுதான். விளையாடுகிறவன் முதுகு நிமிர்ந்துவிடும். அந்தத் தவளை பெண்ணுக்குத் தாய்மாமன்; தன்னைக் கேட்காமல் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று குடித்துவிட்டு வழிமறிக்கிறான். மேலே பறக்கிற சதுரங்கள் காக்கை, மீனுக்கு அலைகிறது. மறுநாள் அதே ஆட்டத்துக்கு வேறு கதை. விளையாடுகிறவன் ஒருவன் என்றால் கேட்கிறவர்கள் கொட்டகைக்கு வெளியே ரோடு வரை நிற்பார்கள். வலையைக் காயப்போட்டுவிட்டு வந்தவர்கள், ஹார்பரில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள், டீக்கடைக்கு வந்து டீயை மறந்தவர்கள்.

அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன் செல்வதுரை. ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன், மகாராஜனுக்கு ஒத்த வயது. வேறு யார் விளையாடினாலும் பேச்சி மகன் பாதி வழியில் குழிக்குள் விழுந்து சாவான். செல்வதுரை விரலும் மகாராஜன் வாயும் சேர்ந்தால் மீன் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. அதே ரோட்டில் மகாராஜனுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட கடை, ஏசி, சுவரளவுக்கு டிவி, சாய்ந்துகொள்ள நாற்காலி. படம் அப்படி ஒரு படம். ஆட்டத்தில் மழை பெய்தால் ஆளின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டுவது தெரியும். வருகிறவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை ஒரு பேச்சு கிடையாது. மகாராஜன் வாய் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவனும் கடைக்குள்ளேயும் வெளியேயும் நடந்தபடி, போனில் யாரையாவது வைதுகொண்டு காலத்தைத் தள்ளினான்.

அப்படியிருக்கும்போதுதான் செல்வதுரை திரும்ப வந்தான். சர்க்கரை வியாதி அவன் கண்ணைக் கெடுத்திருந்தது. மதுரைக்குப் போய் லேசர் வைத்தும் நிற்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். வேலையை விட்டுவிட்டு முத்தையாபுரத்தில் வீட்டோடு கிடந்தவன், ஒரு மத்தியானம் ஆட்டோ பிடித்துக் கடை வாசலில் வந்து இறங்கினான்.

"ஏலே மகாராசா, புது கேம் வந்திருக்காம்லா? நீ சொல்லு, நான் கேக்கேன்."

மகாராஜன் பேசிக்கொண்டிருந்த போனைப் பாதியில் வைத்தான். கூட்டிப்போய் நல்ல நாற்காலியில் உட்கார வைத்தான். பக்கத்தில் ஜெயகணேஷ் விளையாடிக்கொண்டிருந்தான். ஷிப்பிங் ஏஜென்சியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன், கல்யாணமானவன். மத்தியானத்தில் தூங்காமல் இங்கே வந்து உட்கார்வான். பனி மலையில் தொலைந்துபோன தம்பியைத் தேடிப்போகிற ஒரு பட்டாளத்துக்காரன் கதை அது. அதன் கதையும் பாதையும் அவனுக்கு அத்துப்படி. அண்ணாச்சிக்காக ஹெட்போனைக் கழற்றி, சத்தத்தை டிவியில் விட்டான்.

"ம், சொல்லு" என்றான் செல்வதுரை.

"ஒரு ஆளு நிக்கான்."

"சரி."

"நடக்கான்."

"சரி."

"பனி பெய்யுது. நடக்கான்."

"இன்னுமா நடக்கான்?"

"ஆமா."

"எங்கலே போறான், கயத்தாறுக்கா?"

மகாராஜன் வாயைத் திறக்கிறான், ஒன்றும் வரவில்லை. திரையில் இருப்பவனுக்குத் தாடி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. மூன்று புள்ளி முகத்தில் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து உட்கார வைக்கலாம். இந்த முகத்தில் ஏற்கெனவே ஒருத்தன் குடியிருக்கிறான். அவனைக் கிளப்பிவிட்டுப் பேச்சி மகனை எப்படி ஏற்றுவது?

இடையில் ஜெயகணேஷ் போனில் எதையோ தேடி எடுத்துச் சிரித்தான். "அண்ணாச்சி, நீங்க சொல்லுவியள்லா அந்தப் பழைய கேமு, இந்தா கெடச்சிருச்சு. அது மீன் கூடை இல்ல, ஹெல்மெட்டாம். அவன் வேற கிரகத்துல சண்டைக்குப் போற சோல்ஜராம்."

"ஹெல்மெட்டா?" செல்வதுரை அவன் பக்கம் தலையைத் திருப்பினான். "ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு எவம்ல கல்யாண வீட்டுக்குப் போவான்? சோலியப் பாருடே."

சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் பட்டாளத்துக்காரன் நடந்துகொண்டேதான் இருந்தான். புறப்படும்போது செல்வதுரை சொன்னான்: "நாளைக்கு நான் வரலலே. வீட்டுல சீரியல் ஓடுது. அதுல ஒருத்தி கதவத் தொறந்தாகூட 'நான் கதவத் தொறக்கேன்'னு சொல்லிட்டுத்தான் தொறக்கா. கண்ணு தெரியாதவனுக்கு அதுதான் தோது."

விளையாட்டாகத்தான் சொன்னான். மகாராஜனுக்கு அது எலும்பில் குத்தியது. இத்தனை வருஷத்தில் அவன் வாயைத் தேடி ஒருத்தன் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறான், அவனையும் வெறுங்கையோடு அனுப்பியாயிற்று. அவனும் வராமல் போனால் தான் பூட்டைத் திறந்து பூட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வீட்டில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டே தெருக்கோடி வரை போய்விட்டு வந்தான்.

"என்னத்துக்கு இப்பிடி வெயில்ல விட்ட நண்டு மாதிரி அலையுதிய?" என்றாள் செல்வராணி.

"என் வாயில எழவு விழுந்துட்டு, ஏளா."

"அப்படியா? நாலு நாளைக்கு அப்படியே இருக்கட்டும். தெரு நிம்மதியா இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. கடையைச் சீக்கிரமே திறந்து, யாரும் வருவதற்கு முன்னால் அந்த ஆட்டத்தைத் தானே போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பது பேச்சுக்கு. பாதி நேரம் நின்றுகொண்டுதான் விளையாடினான். அடுத்தடுத்த காலைகளும் அப்படியே போயின. ஆங்கிலம் புரியாத இடத்தில் ஜெயகணேஷைப் போனில் எழுப்பிக் கேட்டான். கதை நல்ல கதைதான். அதைக் குறை சொல்ல முடியாது. தம்பியைக் கண்டுபிடிக்கிற இடத்தில் மகாராஜன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதவைப் பார்த்தான், யாராவது வருகிறார்களா என்று. இப்படி ஒரு கதையைத் தன்னால் கட்ட முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் குடைந்தது.

முத்தையாபுரத்துக்கு வண்டியை விட்டான். செல்வதுரையின் வீட்டுக்குள் நடந்துகொண்டே மகாராஜன் முழுக் கதையையும் உள்ளது உள்ளபடி சொன்னான்.

செல்வதுரை கடைசிவரை கேட்டான். "நல்ல கதைலே. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப நான் எதுக்கு அங்க வரணும்?"

"இன்னைக்கு ஒருநாள் வா. அதுக்கப்புறம் நான் கூப்பிட மாட்டேன்" என்று மகாராஜன் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

கடையில் ஜெயகணேஷ் ஆடிக்கொண்டிருந்தான். மகாராஜன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் 'நடக்கான்' என்றுதான் வரும் என்ற பயம். டிவியின் சத்தம் மட்டும் கேட்டது. பூட்ஸ் கால் பனியில் பதிகிற சத்தம். சரக், சரக், சரக்.

செல்வதுரை காதைச் சாய்த்தான். "என்னலே இது, உப்பளத்துல நடக்கானா?"

"இல்ல அண்ணாச்சி, அது பனி" என்றான் ஜெயகணேஷ்.

"ஆமா, உப்புதான்" என்றான் மகாராஜன்.

ஜெயகணேஷ் திரும்பிப் பார்த்தான்.

"உப்பளம்தாம்லே. பூரா வெள்ள. பாத்திக்கு வரப்புகூடத் தெரியல. உப்பு வாரப்போன தம்பி வீட்டுக்கு வரல, அண்ணன்காரன் தேடிக்கிட்டு வாரான்."

"அண்ணாச்சி, அங்க ஏது உப்பளம்? அது மலை" என்றான் ஜெயகணேஷ். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஓநாய் ஊளையிட்டது. நிஜ ஓநாய் மாதிரியே நீளமாக. செல்வதுரை முகம் சுருங்கியது.

"அது என்ன?"

மகாராஜன் ஒரு மூச்சு தடுமாறினான். "வாட்ச்மேன் நாயி. திங்கதுக்கு ஒண்ணும் போடல, ஊளையிடுது. ஆளு தெரியாமக் கடிச்சிரும், மெதுவா போணும்."

"காத்து இப்படி அடிக்குதே?"

"கச்சான் காத்து. இந்தக் காத்துல எவன் உப்பு வாருவான்னு நீயே சொல்லு. அங்கதான் எனக்குச் சந்தேகம்."

பட்டாளத்துக்காரன் ஆங்கிலத்தில் எதையோ கத்தினான்.

"யாருலே வெள்ளக்காரன்?"

"கப்பல்காரன். தம்பிய இவந்தான் கடைசியா பாத்தவன். போதையில கெடக்கான், கேட்டா சம்பந்தமில்லாம ஒளறுதான்."

செல்வதுரை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். கையை நீட்டினான். "குடு இங்க. நான் ஓட்டுதேன்."

"அண்ணாச்சி, என்னோட ஆட்டம் அது! இதுவரைக்கும் வந்ததெல்லாம் போயிரும்" என்று ஜெயகணேஷ் பதறினான்.

"தொலைஞ்சா தேடிக்கலாம்டே. அதான கதையே" என்று மகாராஜன் அவன் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கிச் செல்வதுரை கையில் வைத்தான். எந்த விரல் எதில் என்று காட்டினான். விரல் மறக்கவில்லை, பிடித்த பிடியிலேயே தெரிந்தது. பட்டாளத்துக்காரன் திடுதிடுவென்று ஓட ஆரம்பித்தான், போக வேண்டிய பாதைக்கு நேர் எதிர்ப்பக்கமாக.

மகாராஜன் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே போனான். பாத்தி, வரப்பு, தூரத்தில் ஹார்பர் விளக்கு. திரையில் ஒன்றுமில்லை, வெள்ளையும் பாறையும்தான். ஓடின ஆள் போய் ஒரு பாறையில் முட்டி, அங்கேயே நின்று காலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். மகாராஜன் வாய் நிற்கவில்லை. "ஓடுதான், வேகமா ஓடுதான், பம்புசெட்டத் தாண்டிட்டான்..."

"நிறுத்து" என்றான் செல்வதுரை. "கையில இது அதிருது."

கன்ட்ரோலர் அவன் உள்ளங்கையில் உறுமிக்கொண்டிருந்தது. புது ஆட்டத்தில் முட்டினால் முட்டினது கைக்கும் தெரியும், அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"உண்மையச் சொல்லு மகாராசா. எங்கயும் முட்டிட்டு நிக்கேனா? நீ பாட்டுக்குத் தாண்டிட்டான் தாண்டிட்டான்னு சொல்லிக்கிட்டே இருக்க. கண்ணுதாம்ல போச்சு. பச்சப்புள்ளைக்குச் சோறூட்டுத மாதிரி எனக்குச் சொல்லாத. அப்படின்னா நான் இப்பவே எந்திச்சுப் போறேன்."

ஜெயகணேஷ் வாயைத் திறந்தான். மகாராஜன் அவன் தோளை அழுத்தினான். திரையைப் பார்த்தான், அன்றைக்கு முதல் தடவையாக ஒழுங்காக. பனி மூடின பாறை. வலது பக்கம் ஏற்றம். இடது பக்கம் ஒரு ஆள் போகிற இடைவெளி.

"முட்டிட்டுதாம்ல நிக்க" என்றான். "பம்புசெட்டு நான் சொன்ன பொய். எதிர்ல உப்பு அம்பாரம், ரெண்டாள் ஒயரம். அதுல போய் மோதிக்கிட்டுக் காலை ஒதைக்கான். வலது பக்கம் போனா சரிஞ்சு தலையில விழும். இடதுகைப் பெருவிரல இடப்பக்கமா இழு. மெதுவா. இன்னும்."

செல்வதுரை இழுத்தான். உறுமல் நின்றது. சரக், சரக் என்று கால் விழ ஆரம்பித்தது.

"விடுபட்டுட்டேனா?"

"விடுபட்டுட்ட."

"பொய் இல்லியே?"

"ஒன் கையவே கேளு."

செல்வதுரை பெருவிரலை அப்படியே வைத்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கி ஓட்டினான். இடைவெளி நீண்டு திறந்தது. அதற்கு அப்பால், ஜெயகணேஷ் ஒருநாளும் போகாத பக்கத்தில், தரை சட்டென்று முடிந்து அதலபாதாளமாகக் கிடந்தது. "ஐயோ" என்று ஜெயகணேஷ் தலையில் கை வைத்தான்.

"நில்லு! நில்லுலே!" என்று மகாராஜன் கத்தினான்.

கால் சத்தம் நின்றது. "ஏன், முன்னால என்ன?"

பள்ளத்தின் அடியில் ஏதோ நீலமாக மினுங்கியது. உப்பளத்தில் இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வரும்? மகாராஜன் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தான், இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தான்.

"சீக்கிரம் சொல்லித் தொலலே" என்றான் செல்வதுரை. "தம்பிய அங்கன விட்டுட்டு எவ்ளோ நேரம் நிக்க?"