செவலைக்குத் தெரிந்த குரல்

என் சமையலறை அலமாரியில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அதன் வயிற்றில், குழந்தையின் உள்ளங்கை அமரும் அளவுக்கு ஒரு நெளிவு. பாத்திரக் கடையில் கொடுத்தால் தட்டிச் சரிசெய்து தருவார்கள் என்று என் மருமகள் பலமுறை சொல்லிவிட்டாள். நான் கொடுக்கவில்லை. அம்மா இறந்து, காரியங்கள் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் எங்கள் செவலைப் பசு உதைத்ததால் விழுந்த நெளிவு அது. செம்பு உருண்டு தொழுவத்துக் கல்லில் மோதிய ஓசையில்தான் அன்று நான் விழித்தேன். பால் கறக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் அப்படியோர் ஓசை அதற்குமுன் எழுந்ததில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து மாகாணத்தோடு சேர்ந்ததற்கு அடுத்த வருஷம் அது. அரிமளத்துக்கு நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. செவலை, அம்மா பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கூட்டிவந்தது. வேறு யார் மடியில் கை வைத்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும். அம்மா அதன் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவிலான ஒரு குரலில் எப்போதும் ஒரே சொற்களைத்தான் சொல்லுவாள்: "எந்தாயி வாடி, எறக்குடி. ஒம் புள்ளைக்குந்தான், எம் புள்ளைக்குந்தான்." பிறகு செம்பில் பால் விழும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நானும் அண்ணனும் காலையில் கண் விழிப்போம்.

அம்மாவுக்குப் பிறகு எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அப்பாவின் அக்கா. அத்தை கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தாள். தவிட்டைக் காட்டிப் பார்த்தாள். கடைசியில் உதை வாங்கினாள். மடி கனத்து, செவலை பகலெல்லாம் கத்திக்கொண்டிருந்தது. செம்பு நெளிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாலையில், அண்ணன் கொடியில் கிடந்த அம்மாவின் பழைய சேலையை எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டு தொழுவத்துக்குள் போனான். நான் வீட்டுக்குள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். "எந்தாயி வாடி, எறக்குடி" என்று கேட்டது. நான் எழுந்து ஓடினேன். அம்மா இறந்ததைக் கண்ணால் கண்டவள்தான் நான். அந்தச் சில அடி தூரத்துக்கு அது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. தொழுவத்து வாசலில் அப்பா நின்றிருந்தார். தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கக்கூட மறந்து, முதுகைக் காட்டியபடி, வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே செம்பில் பால் விழுந்துகொண்டிருந்தது.

அதுவரை இருட்டிய பிறகே வீடு திரும்பிய அப்பா, அன்றிலிருந்து பால் கறக்கும் நேரத்துக்கு வரத் தொடங்கினார். தொழுவத்துக்குள் போகமாட்டார், அண்ணனைப் பார்க்கவும் மாட்டார். போர் ஓரத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, செம்பு நிறையும் வரை இருந்துவிட்டு எழுந்து போவார். அண்ணனுக்கு அது தெரியும். தெரிந்ததால் அவன் கறப்பதை மெதுவாக்கிக்கொண்டான் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் "எம் புள்ளைக்குந்தான்" என்று சொல்லுவதில் இருக்கும் விபரீதம் எங்கள் மூவரில் யாருக்கும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு மட்டும் உறைத்தது. "ஏய் ஆத்தா, எங்க வீட்டு எருமைக்கும் வாரியா? கூலி தாரோம்" என்று கண்மாய்க் கரையில் நின்று கூவுவார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரால் அழைக்கப்படுவதை அவன் கேலியாக எடுத்துக்கொள்ளவே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அத்தைக்குத்தான் கவலை. "ஆம்பளைப் புள்ள தொண்டைய இப்புடிக் கீச்சுக் கீச்சுன்னு வச்சிருந்தா நாளைக்கு எவன்டா ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்பாள். அப்பாவின் காதில் விழாதபடிதான் அதையும் சொல்லுவாள்.

அவன் உடம்பு ஒரு வேனிற்காலத்தில் எங்களைக் கேட்காமல் வளர்ந்தது. முழங்கை எலும்பு துருத்திக்கொண்டது; மேலுதட்டில் கரி தேய்த்ததுபோல் ஒரு நிழல் படர்ந்தது. ஒரு மாலை, "எந்தாயி" என்பது அம்மாவின் குரலில் புறப்பட்டு, "எறக்குடி" என்பதற்குள் கிணற்றில் வாளி விழுந்ததுபோல் சரிந்தது. செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. மகரக்கட்டு என்று அத்தை சொன்னாள்; எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான், இரண்டு மாதத்தில் தொண்டை ஒரு நிலைக்கு வந்துவிடும் என்றாள். எந்த நிலைக்கு என்பதுதான் அண்ணனின் பயம்.

அவன் குரலைச் சேமிக்கத் தொடங்கினான். மாலையில் அந்தச் சில சொற்களுக்காகப் பகல் முழுதும் வாய் திறக்கமாட்டான். மிளகும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் பேசாமல் நின்று, திமிர் என்று பிரம்படி பட்டான். முழங்கையில் தடிப்போடு வந்தவன் அன்றும் தொழுவத்துக்குள் போனான். குரலை ஏற்றி, நெஞ்சை எக்கி, கண்ணில் நீர் தளும்ப அவன் எழுப்பியது எந்த மனிதரின் குரலாகவும் இல்லை. செவலை காலை மாற்றி வைத்தது. வெளியே அப்பா எழுந்தார். முதல் முறையாகத் தொழுவத்து வாசலைப் பார்த்துத் திரும்பி, "விடுப்பா. போதும்" என்றார். அதட்டலே இல்லாமல் சொன்னார். அதட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பான்.

அன்று என்னிடம், ஒரு வயதானவனின் கரகரப்போடு, "ஆத்தாவ நாந்தேன் தொலைச்சுப்புட்டேன் பாப்பா" என்றான். அப்பா பிறகு பால் கறக்கும் நேரத்துக்கு வரவில்லை. அத்தை கன்றை முன்னால் கட்டி, கெஞ்சிக் கெஞ்சி, கிடைத்த பாதியைக் கறந்துகொண்டாள். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, கறம்பக்குடிப் பக்கம் போகும் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தான். கதவில் தொங்கிக்கொண்டு நாளெல்லாம் ஊர்ப் பெயர்களைக் கூவும் வேலை. தொண்டையைப் பழிவாங்குவதற்காகவே அவன் அதைத் தேடிப் போனான் என்று நான் நினைத்ததுண்டு.

என் முறை வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பெண் வயதுக்கு வந்தால் தனியே வைப்பதற்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டித் தரவேண்டும். எங்கள் வீட்டில் இடம் இருந்தது தொழுவத்தை ஒட்டித்தான். ஓலை மணமும் சாண மணமும் கலந்த அந்த நிழலுக்குள், ஆண்கள் கண்ணில் படாமல், நான் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்த பெண்கள் முகவாயைத் தொட்டு, "ஆத்தாளை உரிச்சு வச்சிருக்கு, இங்கிட்டுத் திரும்பு, இடுப்பைப் பாரு, அவளேதான்" என்று நெட்டி முறித்தார்கள். நான் எனக்குக் கிடைத்ததாக நினைத்த உடம்பு, யாரோ வைத்துவிட்டுப் போனதை எடுத்து உடுத்தியதுபோல் ஆகிக்கொண்டிருந்தது. வயதுக்கு வருதல் என்பதைப் பிறகு பல நூல்களில் படித்திருக்கிறேன். மனிதன் தன்னைத் தானாகக் கண்டுகொள்ளும் பருவம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குச்சுக்குள் நான் கண்டுகொண்டது வேறு.

ஒரு மாலை, ஓலைக்கு அப்பால் அத்தை செவலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "எறக்கித் தொலையேன் சனியனே" என்று அவள் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு, நான் யோசிக்காமலே வாயைத் திறந்தேன். "எந்தாயி வாடி, எறக்குடி. ஒம் புள்ளைக்குந்தான், எம் புள்ளைக்குந்தான்." சிறுவயதில் எத்தனையோ தடவை விளையாட்டாகச் சொன்ன சொற்கள். ஆனால் அன்று அவை வெளிவந்த குரலை நான் அதற்குமுன் என் வாயில் கேட்டதில்லை. அதைக் கடைசியாகக் கேட்டது, அண்ணன் தொண்டை உடைவதற்கு முன்பு. செம்பில் பால் சர்ரென்று விழத் தொடங்கியது. முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, கலப்பையைச் சாத்திக்கொண்டிருந்த அப்பா, வெகு இயல்பாக, "இந்தா வாரேன் புள்ள" என்றார்.

அம்மாவை மட்டுமே அவர் அப்படி அழைப்பார்.

ஓலை இடுக்கில் அவருடைய கால்கள் தெரிந்தன. இரண்டடி வந்து நின்றன. நெடுநேரம் நின்றன. பிறகு திரும்பிக் கண்மாய்ப் பக்கம் போயின. அதன்பின் அவர் இருந்தவரை, நான் இருக்கும் அறைக்குள் வருமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளுவார். பதில் வரும்முன் என் முகத்தைப் பார்த்துவிடுவார். என் குரலை முகமில்லாமல் கேட்க அவர் அஞ்சினார்.

சடங்கன்று ஊருக்கு வந்த அண்ணனிடம் அத்தை நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவன் என்னிடம் வந்து, ஊர்ப் பெயர் கூவிக் கட்டிய தொண்டையால் சிரித்து, "எங்கிட்டப் போனது ஒங்கிட்ட வந்து ஒளிஞ்சிருக்கா? களவாணி" என்றான். "நீயே வச்சுக்கண்ணே, எனக்கு வேண்டாம்" என்றேன். உண்மையாகவே எனக்கு வேண்டியிருக்கவில்லை. பாடப் புத்தகங்களை உரக்கப் படித்து, சொல்லைச் சொல்லாக நிறுத்தி, எழுத்தில் இருக்கிறபடியே பேசப் பழகினேன். பின்னாளில் ஆசிரியையானபோது என் நிதானமான பேச்சை மாணவிகள் புலமை என்று எண்ணினார்கள். அது ஒரு சிறுமி தன் குரலுக்குள்ளிருந்து வெளியேறத் தேடிக்கொண்ட வழி.

ஆனால் அண்ணனிடம் மட்டும் அந்தக் குரலை மறுக்க என்னால் முடிந்ததில்லை. கண்டக்டராகி, குடும்பஸ்தனாகி, ஓய்வு பெற்ற பின்னும், என் வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்ளுவான், அப்பா உட்கார்ந்ததைப் போலவே. "ஒரு தடவை சொல்லு பாப்பா" என்பான். நான் சொல்லுவேன். அவன் எழுந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட வருவான்.

போன மாதம் வந்திருந்தான். கோலூன்றி நடக்கிறான். வழக்கம்போல் உட்கார்ந்து, வழக்கம்போல் கேட்டான். நான் சொன்னேன். "எந்தாயி" என்பதிலேயே மூச்சு வாங்கியது; "எறக்குடி" நடுங்கிப் பிசிறடித்தது. அம்மா வாழ்ந்த வயதைக் கடந்து நான் வெகுதூரம் வந்துவிட்டேன் என்பதை என் தொண்டை எனக்குமுன் அறிந்திருக்கிறது. அண்ணன் வெகுநேரம் திரும்பவில்லை. அவன் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து அருகில் போனேன். அம்மா இறந்த அன்று அவன் அழுததாக எனக்கு நினைவே இல்லை.

"ஆத்தா போயிட்டா பாப்பா" என்றான், அப்போதுதான் ஆள் வந்து சொல்லிப்போனதுபோல்.

அடுப்பில் பால் பொங்கி வந்தது. இறக்கி, ஆற்றுவதற்கு வேறு பாத்திரம் கைக்கு எட்டாமல், அந்தச் செம்பில் ஊற்றினேன். அதன் நெளிவில் என் கட்டைவிரல் தானாகப் போய் அமர்ந்தது. பிறகு, யாருடையது என்று நினைக்காமல், எனக்கு மிஞ்சியிருக்கும் குரலில், "சாப்புட வாண்ணே" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.