சலாபக் கள்ளனின் மச்சானைப் பார்க்கக் கீழவைப்பாருக்கு

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டரை. யாழினி தூங்கினால்தான் எனக்குக் கை ஒழியும். அவள் தூங்கவே இப்போதெல்லாம் பதினொன்று ஆகிவிடுகிறது. பிழை இருந்தால் காலையில் திருத்துகிறேன்.

போன சனிக்கிழமை நானும், என் ஐந்து வயது மகள் யாழினியும், என் தம்பி முத்துவும் கீழவைப்பாருக்குப் போய்வந்தோம். தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கும் கடலோர ஊர். 'சலாபக் கள்ளன்' சீரியலின் கடல் காட்சிகளை அங்கேதான் எடுக்கிறார்கள். குழந்தைகளோடு படப்பிடிப்பு பார்க்கப் போகலாமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில்தான் இது, ஆனால் முழுதும் அது மட்டும் இல்லை.

சீரியல் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. பாண்டியர் காலத்தில் அரசன் ஆட்கள் முத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போக, ஒரு குளிகாரன் இரவில் பண்டகசாலைக்குள் புகுந்து அதைத் திருடி வீடுவீடாகத் திருப்பிக் கொடுக்கிறான். கரையில் யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. குளிகாரன் மூழ்கும்போது தோணியில் இருந்து அவனுடைய கயிற்றைப் பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா. சீரியலில் அரசன் ஆட்கள் அந்த மச்சானுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அவன் கயிற்றை விட்டுவிடுகிறான், கதாநாயகன் மேலே வரவில்லை. கதாநாயகனின் சின்ன மகள் கரையில் நின்று "மாமா, மாமா" என்று கத்துகிறாள்.

அந்தப் பகுதியை யாழினி என் மடியில் உட்கார்ந்துதான் பார்த்தாள். நான் துணி மடித்துக்கொண்டே பாதி டிவியையும் பாதி போனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக முத்து பைக்கோடு வந்தபோது அவள் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பல் தெரிய அலறினாள். தெருவே வந்து பார்த்தது. "மாமா வேண்டாம், மாமா விட்டுருவான்."

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருப்பார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் எங்கள் ஊரில் யாழினிக்குக் காய்ச்சல் என்றால் ஓடுவதும், தலை பின்னிவிடுவதும்கூட முத்துதான். தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. இப்போது அவனும் மஸ்கட் போகிறான். விசா வந்துவிட்டது, நாங்கள் கிளம்பிய அன்று டிக்கெட் எந்த நாளும் வரலாம் என்ற நிலை. போனால் இரண்டு வருடம். பிள்ளை இப்படிப் பயந்துகொண்டிருக்கும்போதே அவன் போய்விடக்கூடாது என்பதுதான் என் எண்ணம். முத்துவோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கீழவைப்பார். அவருடைய சொந்தக்காரர் மிக்கேல்தான் கதாநாயகனுக்குப் பதிலாகக் கடலில் குதிக்கிறவர். "பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, எல்லாம் நடிப்புன்னு காட்டிருவோம்" என்று சொல்லி அனுப்பினார்.

காலை 6.40க்கு ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறினோம். எனக்கு 35 ரூபாய், யாழினிக்கு அரை டிக்கெட். அவள் பைக்கில் ஏறமாட்டாள் என்பதால் முத்து பின்னாலேயே பைக்கில் வந்தான். பஸ்ஸின் பின் சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே வந்தாள். "மாமா வாராரா?" என்று நாலைந்து தடவை கேட்டாள். வரவேண்டும் என்று கேட்கிறாளா, வரக்கூடாது என்று கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

7.50க்குத் தூத்துக்குடி. முத்து யார்டில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. அதனால் ஆட்டோ பிடித்துத் துறைமுகச் சாலைக்குப் போனோம், 200 ரூபாய். லாரிகள் வரிசையாக நின்றன. பெரிய கிரேனைக் காட்டுகிறேன் என்று அவளிடம் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "பாப்பா, அங்கன பாரு, மஞ்சக் கிரேன்" என்றான். அவள் என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் தனியாகவே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

9.50க்கு வேம்பார் பஸ். மாப்பிள்ளையூரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். கண் கூசும், குழந்தைக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 10.55க்கு ஊருக்குச் சாலை பிரியும் வைப்பார் விலக்கில் இறங்கினோம். அங்கிருந்து கடல் மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய். திரும்பி வர ஆட்டோ கிடைக்காது, போகும்போதே ஆட்டோ அண்ணாச்சியிடம் நம்பர் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

கடற்கரையில் பனையோலைக் குடிசைகள் போட்டுப் பழைய ஊர் மாதிரி செய்திருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பின்பக்கம் வெறும் பிளைவுட். ஜெனரேட்டர் வேன் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. கயிறு விடும் காட்சியைத்தான் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள், கதாநாயகி நினைத்துப் பார்ப்பது போல. சீரியலில் ஒருவர் செத்தால் ஒரு மாதத்துக்கு யாராவது நினைத்துக்கொண்டே இருப்பார்கள், தெரியும்தானே.

மச்சானாக நடிக்கிறவர் குடைக்கு அடியில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யாழினியை இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன். கையைக் கழுவிவிட்டு வந்து குனிந்து, "பாப்பா, நான் நிஜமா விடலம்மா, சும்மா நடிச்சேன்" என்றார்.

"நீ விட்ட. நான் பாத்தேன்" என்றாள் யாழினி.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மிக்கேலுக்கு முப்பது வயது இருக்கும், சங்கு குளிக்கிறவர். அவருடைய மச்சான் இன்னாசி கூடவே இருந்தார். ஒரு விஷயத்தை அவர்கள்தான் காட்டினார்கள். மிக்கேலின் இடுப்பில் இரண்டு கயிறு. ஒன்று கேமராவுக்கு, நடிகர் கையில் இருப்பது. இன்னொன்று நீருக்குள்ளேயே போய்த் தோணியின் மறுபக்கம் ஏறும். அதைத் தோணிக்குள் படுத்தபடி இன்னாசி பிடித்திருப்பார். அவர் இல்லாமல் இறங்கமாட்டேன் என்று மிக்கேல் முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

"எங்க ஊருக் கதையில மச்சான் விடல, கேட்டியளாக்கா" என்றார் மிக்கேல். "காசும் வாங்கல. ரெண்டு பேரையுஞ் சேத்துத்தான் வெட்டுனானுவ. டிவிக்காரனுவளுக்கு அது பத்தல."

"எனக்கும் சில நாளு விட்டுரலாம்னு தோணும்" என்றார் இன்னாசி. "இவன் பொண்டாட்டி, அதான் எந் தங்கச்சி, எங்கூட சண்ட போடுத அன்னைக்கு."

"அவ சண்ட போடாத நாளு எதுலே?" என்றார் மிக்கேல்.

தோணி ஏறும் முன்னால் இன்னாசி போனையும் வாட்சையும் என் கையில் கொடுத்தார். கயிற்றைத் தொட்டால் பேச்சு கிடையாதாம், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாராம். "ரெண்டாள் ஆழந்தான அண்ணாச்சி, அதுக்கா இம்புட்டு?" என்று முத்து சிரித்தான். இன்னாசி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

எடுத்துமுடிக்க மூன்றரை ஆகிவிட்டது. மிக்கேல் தலை துவட்டிக்கொண்டே வந்து யாழினியிடம் ஒரு நைலான் கயிற்றின் முனையைக் கொடுத்தார். "ஏளா, நீயும் குளிகாரி. உங்க மாமன் அங்கன நின்னு பிடிப்பான். ரெண்டு தடவ இழுத்தா அவன் உன்னைய இழுக்கணும். இழுக்கானான்னு பாப்போம்."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முனையை வாங்கிக்கொண்டாள். பதினைந்து நாளில் முதல்முறையாக முத்து தொட்ட ஒன்றை அவள் தொடுகிறாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்கு முழங்கால் அளவு தண்ணீர். முத்து கரையோரம். இரண்டு தடவை இழுத்தாள், அவன் இழுத்தான், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். சிரித்தாள். மறுபடி போனாள், மறுபடி இழுத்தான். "மாமா இன்னொரு தடவ" என்றாள். முத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

மூன்றாவது தடவை அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஏஜெண்ட். ஒரு வாரமாகக் காத்திருந்த அழைப்பு. "ஹலோ, சொல்லுங்க சார்" என்று திரும்பினான், ஜெனரேட்டர் சத்தத்துக்கு இன்னொரு காதைப் பொத்திக்கொண்டான். கயிறு தண்ணீரில் விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஓர் அலை வந்தது, பெரிய அலை இல்லை. யாழினி உட்கார்ந்துவிட்டாள், கழுத்துவரை தண்ணீர். நான் ஓடுவதற்குள் மிக்கேல் தூக்கிவிட்டார். ஒரு நிமிடம்கூட இருக்காது. வாயில் கொஞ்சம் உப்புத்தண்ணீர், அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. முத்து போனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தான். அதில் அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல மாமன்லே நீ" என்றார் இன்னாசி. மிக்கேல் அவரை அதட்டினார்.

அவள் அழவில்லை. என் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு தடவ இழுத்தேன்ம்மா."

5.10 பஸ்ஸில் திரும்பினோம். முத்து தூத்துக்குடி வரை பின்னால் வந்தான், பிறகு யார்டு பக்கம் நண்பன் அறைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. "பாப்பா சாப்பிட்டாளா?" என்று இரண்டு வேளையும் போனில் கேட்கிறான். நேற்று, "நீ சும்மா இருந்திருந்தா அவ மறந்திருப்பாக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று ஊர்க்காரர்கள் கடலுக்குப் போவதில்லை, தோணி இல்லாமல் படப்பிடிப்பும் இல்லை. நிழல் கிடையாது. கழிவறைக்குக் கோயில் பக்கத்து வீட்டில் கேட்டால் விடுகிறார்கள். மாற்றுத்துணி இரண்டு செட் வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் பயத்தைத் தெளியவைக்க என்று சின்னக் குழந்தையைக் கூட்டிப்போகாதீர்கள். பொய்க் குடிசை பொய் என்று அவர்களுக்கும் தெரிகிறது. அவர்கள் பயம் வேறு எங்கேயோ இருக்கிறது.

இன்று காலண்டரைப் பார்த்தேன். அந்தப் பகுதி ஒளிபரப்பானது ஒரு வியாழக்கிழமை. முத்துவுக்கு விசா வந்தது அதே வாரம் செவ்வாய்க்கிழமை. கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகத்தான் பேசினோம், எத்தனை வருடம், யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவது என்றெல்லாம். அவள் கீழே படம் வரைந்துகொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அவளிடம் மாமா போகிறான் என்று சொல்லவில்லை. இந்த நிமிடம்வரை சொல்லவில்லை. சீரியலை நிறுத்தினேன், டிவியை நிறுத்தினேன், ஐம்பது கிலோமீட்டர் தாண்டிக் கூட்டிப்போய்க் கயிற்றைக் காட்டினேன். இதை மட்டும் சொல்லவில்லை.

அன்று ஏஜெண்ட் சொன்னது டிக்கெட் விவரம். வியாழன் அதிகாலை திருவனந்தபுரத்தில் விமானம். கார் புதன் மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வரும். முத்து எங்களை வரவேண்டாம் என்கிறான், அவள் அலறினால் தன்னால் போகமுடியாது என்கிறான். நாளை அவளிடம் சொல்லப்போகிறேன், அது முடிவு. ஆனால் சொன்ன பிறகு அவளைக் காரில் ஏற்றி விமான நிலையம்வரை கூட்டிப்போவதா, இல்லை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்வதா என்றுதான் தெரியவில்லை. இப்படி ஒருவரைச் சின்னக் குழந்தையோடு வழியனுப்பியவர்கள் இதைப் படித்தால், புதன்கிழமை மதியத்துக்குள் இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள்.