லோடு இறக்கியாச்சா?

போன வாரம் ஒரு துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். பின்னால்தானே, பயமென்ன என்கிறீர்களா? குழல் என்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது!

துப்பாக்கி என் மச்சானுடையது. மனைவியின் அண்ணன். புதுவயலில் ரைஸ் மில், மானகிரிப் பக்கம் கடலைக் கொல்லை. காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவதற்காக லைசென்ஸோடு ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி. வேட்டையெல்லாம் கிடையாது. வாய்ப்பேச்சில் மட்டும் இதுவரை இரண்டு புலி...

தேர்தல் வந்துவிட்டது. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். "சும்மா துணைக்கு வாங்க மாப்ள" என்றார். போனேன்.

கொல்லையிலிருந்து கார் நிற்கும் ரோடு வரை கண்மாய்க் கரையில் நடை. மச்சான் லைசென்ஸை லேமினேட் செய்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். துப்பாக்கியை? மண்வெட்டி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு ஓட்டைகளும் என் மூக்குக்கு நேரே.

மெல்ல ஒதுங்கினேன்.

"அங்குட்டு முள்ளு கெடக்கு, இங்குட்டு வாங்க" என்று திரும்பினார். குழலும் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"மச்சான்... லோடு இருக்கா?"

"காலையிலயே இறக்கியாச்சு மாப்ள. அதெல்லாம் மிச்சம் வைக்கிற ஆளா நானு?"

அப்பாடா! அதற்குப் பிறகு என் வீரத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. வழியில் ஒரு வேலி. முதலில் தாண்டிய மச்சான், கட்டைப் பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு குழலை என்னிடம் நீட்டினார். "இதப் புடிச்சுக்கிட்டுத் தாண்டுங்க." பிடித்தேன். தாண்டினேன். சிரித்தபடி ஒரு செல்ஃபி வேறு!

ஸ்டேஷனில் ஏட்டம்மா துப்பாக்கியை வாங்கியதும் குழலைத் தரைப் பக்கம் திருப்பினார். "லோடு இருக்கா?"

"காலையிலயே இறக்கியாச்சும்மா. முப்பது டன்னு நெல்லு. லாரிகூடக் கெளம்பிருச்சு."

ஏட்டம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். துப்பாக்கியை மடக்கித் திறந்தார்.

உள்ளே இரண்டு தோட்டாக்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மகள் முகம் கண்முன் வந்தது. அழுதுவிட்டேன், மறைப்பானேன்?

"முந்தாநாள் பன்னிக்குப் போட்டது... மறந்தே போச்சு மாப்ள." என்றார் மச்சான். மில்காரருக்கு லோடு என்றால் லாரிதான். நாற்பது வருடப் பழக்கம். அவரைச் சொல்லி என்ன, எந்த லோடு என்று நானாவது கேட்டேனா?

"லைசென்ஸ மட்டும் பளபளன்னு வச்சிருக்கீக!" என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்த ஏட்டம்மா, என் பக்கம் திரும்பினார். "யாரு சொன்னாலும் தொறந்து பாக்குற வரைக்கும் உள்ள தோட்டா இருக்குன்னுதான் சார் நெனைக்கணும்."

நமக்குக் காகிதம் கசங்கினால்தான் பதறுகிறது. ஆள் கசங்கினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை... இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய் வந்த மச்சான் அதற்குப் பின் வாயைத் திறக்கவில்லை. புலிகள் பிழைத்தன.

அந்த செல்ஃபியை நான் அழிக்கவில்லை. யாராவது "இறக்கியாச்சு" என்றால் எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு கேட்கிறேன் — எதை?