அப்பா ஒத்துக்கொண்ட பழுது

சாவியை ஒரு சுற்றுத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'உய்ங்' என்று ஒரு சத்தம் வரும். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பு பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளுகிற சத்தம் அது. காதில் விழுந்தால்தான் அப்பா மேற்கொண்டு ஸ்டார்ட் செய்வார். அம்மா எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள், முன்சீட்டு அவளுக்குப் பயம். சத்தம் வந்ததும், "வந்துருச்சுங்க, எடுங்க" என்பாள், ஏதோ ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிறவள் மாதிரி. அப்பா கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரிப்பார். கோச்சடையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய பெட்ரோல் காரைப் பற்றி ஒரு நாள் பேசாமல் இருந்தோம் என்று எனக்கு ஞாபகமில்லை.

அப்பா கரண்டு ஆபீசில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் எழுமலைப் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவன் காட்டில் கூலி வேலைதான். எங்கள் வகையறாவில் கார் வாங்கிய முதல் ஆள் அப்பா, அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்த வண்டி. ஆனால் அதில் ஊருக்குப் போய் இறங்கியபோது அப்பாவின் நடையே மாறியிருந்தது. தாத்தாவை வரப்பிலேயே நிற்க வைத்துப் பேசிய வீட்டுக்காரர்கள் கூட, "வாங்க, எப்ப வந்தீக?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு அதில் சந்தோஷம் பாதி, பயம் பாதி. ஊர்க்கண்ணு அம்புட்டும் இந்த வண்டி மேலதான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அமாவாசைக்கு வண்டி கழுவிப் பொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு படி மேலே. வெளித் தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன ஆகப்போகிறது, உசுரு உள்ளேதானே இருக்கிறது என்பது அம்மாவின் கட்சி. பானெட்டைத் தூக்கச் சொல்லி, பேட்டரிக்கும், பக்கத்தில் ஃபியூஸெல்லாம் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். ஒரு சொம்பில் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்து, வேப்பங்கொத்தை முக்கி உள்ளே மூன்று பக்கமும் தெளிப்பாள். கண்ணு கழிய வேண்டுமானால் உப்பு வேண்டும். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்பார்.

பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு குழியில் இறங்கி ஏறும், பொட்டென்று அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றும், பிடிக்காது. அந்த 'உய்ங்' வராது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல? மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது சமர்த்தாக ஓடும். பெட்ரோலில் தண்ணீர் என்றான் ஒருவன், சென்சார் என்றான் இன்னொருவன். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வண்டி என்றால் ஊதிச் சரிசெய்துவிடுவேன், இதெல்லாம் கம்ப்யூட்டரு என்று கையைக் கழுவினான் மூன்றாமவன். கோரிப்பாளையத்தில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் பாய், அப்பாவுக்குப் பழைய சிநேகம். அவர் பம்ப்பையே மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் நின்றது.

அப்பாவுக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. கரண்டு மரம் ஏறிய மனுஷன், ஒரு கார் வயர் என்னை ஏமாற்றுமா என்று தானே இறங்கிவிட்டார். சின்ன பல்பில் இரண்டு வயரைக் கட்டி அங்கங்கே வைத்துப் பார்ப்பார். பல்பு எரியும். "கரண்டு வருதே, வருதே" என்று தலையைச் சொறிவார். சந்தேகப்பட்ட வயர்களை வெட்டிப் புதிதாக ஒட்டுப்போட்டார். சென்னையில் வேலையில் இருந்த அண்ணன் போனில் கத்துவான்: "நோண்டி நோண்டியே கெடுக்கிறீங்க, வித்துத் தொலைங்கப்பா!" அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வண்டி நின்று வீடு வந்த ஒவ்வொரு தடவையும் அமாவாசைக்குக்கூடக் காத்திராமல் அம்மா சொம்பை எடுத்துவிடுவாள்.

அன்று எழுமலையில் ஒரு காதுகுத்து. மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பினோம். உசிலம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அம்மா நெஞ்சைப் பிடித்தாள். வேர்வை ஊற்றியது. "நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்கப்பா" என்று கத்தினேன். அப்பா விரட்டினார். ரோடு வேலைக்காக வெட்டிப் போட்டிருந்த ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அணைந்தது.

அந்தச் சாலையை இன்றைக்கும் என்னால் கண்கொண்டு பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் பொட்டல், நிழலுக்கு ஒரு கருவேல மரம். நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். அப்பா பானெட்டைத் திறந்து வயர்களைப் பிடித்து ஆட்டினார். ஓடி வந்து சாவியைத் திருப்பினார், மறுபடி ஓடினார். அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. "அவரத் திட்டாத" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஊருக்குக் கெளம்புற அவசரத்துல இந்த அமாவாசைக்கு ஒண்ணுமே செய்யல. எம் மேலதான் தப்பு" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். தக்காளிக் கூடை ஏற்றி வந்த ஒரு மினி லாரிக்காரர் கூடைகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார்கள். நல்லவர்கள்தான், ஆனால் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் வந்து இறங்கியதும் அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்தான். "உங்க வயரு வேலதான் எங்கம்மாவக் கொன்னுச்சு" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினான்.

காரியம் முடிந்த பிறகு அப்பா பாயை வரச் சொன்னார். வண்டியை ஓட்டுவதற்காக இல்லை. தான்தான் கொன்றோமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தான் போட்ட ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுகூட விட்டுப்போயிருக்கவில்லை, எல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. பிறகு, "சின்ன பல்பு துளிக் கரண்டுலயே எரிஞ்சுரும் பாய். பம்ப்புக்கு அது பத்துமா? ஒரு ஹெட்லைட் பல்பு குடுங்க" என்றார். அதைப் பம்ப்பு வயரில் மாட்டினார். பெரிய பல்பு மங்கலாகச் சிவந்து, பாய் வயரை லேசாக அசைத்ததும் அணைந்தது. இரண்டு பேரும் கறுப்புப் பெட்டி வரை தடவிக்கொண்டே வந்தார்கள். மூடியின் ஒரு பக்கக் கொக்கி எந்தக் காலத்திலோ உடைந்திருந்தது. பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே என்ற தீப்பெட்டி அளவுச் சாமானை அப்பா பிடுங்கினார். அதன் அடியில் பித்தளைக் கால்கள் பச்சையாகப் பூத்து அரித்துப் போயிருந்தன. ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அப்பா அந்தப் பொடியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். "உப்பு" என்றார். பாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "யா அல்லா" என்று மட்டும் முனகினார். சுத்தி வளைத்து எதற்கு, எனக்கும் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வண்டி நிற்க நிற்க அவள் தெளித்தாள், அவள் தெளிக்கத் தெளிக்க அது நின்றது.

"பாய், இது நம்ம மூணு பேரோட போகணும்" என்றார் அப்பா. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டார். "நீ சொன்னது சரிதாம்ப்பா. நான் போட்ட ஒட்டுதான் விட்டுப்போச்சு" என்றார். நான் போனைப் பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "ஏம்ப்பா இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று அழுதுகொண்டே சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கோவத்த எறக்கி வைக்க உசுரோட ஒரு ஆளு வேணும்மா. செத்துப்போனவ மேல கோவம் வந்தா அவன் எங்க கொண்டுபோயி வைப்பான்? நான் இருக்கேன்ல. அவளுக்கு அவன் அழட்டும், அது போதும்." எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இவர் என்ன பெரிய தியாகி என்று நினைத்தேன். ஆனால் என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

அண்ணன் வருஷா வருஷம் அம்மா திதிக்கு வருவான். அப்பாவுடன் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்ததில்லை. விவரம் தெரியாத உறவுக்காரர்கள் யாராவது கேட்டால், "அவரே ஒத்துக்கிட்டாருல்ல" என்பான். அப்பா அங்கேயே நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பார். கார் பழைய இரும்புக்குப் போனது. அவர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை, வீட்டில் ஒரு சுவிட்சு கெட்டால்கூட ஆள் கூப்பிடச் சொல்வார்.

போன மாசம் அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் ஒங்கள மன்னிச்சிட்டேம்ப்பா" என்றான். அப்பா கண்ணில் தண்ணீர் வழிந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை, பசித்தவன் சோற்றை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா படத்தை மாட்ட அண்ணன் நாற்காலி போட்டு ஏறினான். அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஆணியை வைத்தான். கொஞ்சம் யோசித்தான். பிறகு ஒரு சாண் கீழே இறக்கி அடித்தான்.

"சமமா மாட்டுண்ணே" என்றேன்.

"இல்ல, இருக்கட்டும்" என்றான்.

நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.