மீதிக் கதை

அன்றைக்கு அங்கே இருந்தது நான், என் மச்சான் ஏழுமலை, டீக்கடை காதர் பாய், பஸ் ஓடாமல் மாட்டிக்கொண்ட வெள்ளிமலைப் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டு, சங்கராபுரம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்து மறியல் செய்தோம்.

காலையிலிருந்து பட்டினி. டீ போடலாம் என்றால் பச்சை விறகு பற்றவில்லை. "காய்தம் எதனா கீதா?" என்றார் பாய். வாத்தியாரின் மூட்டையைப் பிரித்தேன். எல்லாம் கதைப் புத்தகம்.

"புள்ளைங்களுதுங்க அது. ஒருத்தன் போன காலத்துக்கே திரும்பிப் போயி, செஞ்ச தப்ப மாத்துற கதை. பாதிதான் படிச்சிக் காட்டினேன். மீதிய கேட்டுக்கினே இருக்குதுங்க," என்றார் வாத்தியார்.

"போனது எங்க சார் திரும்பும்? வரப்போற காலத்துக்கு நாங்க ரோட்டுல குந்திக்கினு கீறோம், உங்களுக்குக் கதையா?" என்று மச்சான் சிரித்தான்.

நான்தான் ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தேன். முதல் டீயை வாத்தியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

கேட்டது பின்னாளில் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில் என் மகளுக்கு டீச்சர் வேலை. அதே வெள்ளிமலைப் பள்ளிக்கூடம். போன மாதம் சாப்பிடும்போது சொன்னாள்: "பழைய லைப்ரரி நோட்டுல, கதைப் புத்தகமெல்லாம் மறியல்ல எரிஞ்சதுன்னு எழுதிக் கீதுப்பா. எந்தப் பாவி பண்ணானோ!"

அந்தக் கதையில் வருகிறவன் மாதிரி எனக்கும் திரும்பிப் போக ஒருநாள் கிடைத்தால், அந்த அடுப்புக்குத்தான் போவேன். மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"எத்தினி புத்தகம்?" என்று மட்டும் கேட்டேன்.

"பதினேழு."