நூற்றிருபது கிலோ

தேவகோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகக் கணிதம் நடத்துகிறேன். எந்த அளவு உற்பத்தி செய்தால் சராசரிச் செலவு மிகக் குறையும் என்பது வருஷா வருஷம் வரும் பத்து மதிப்பெண் கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரோடுதான் என் அக்காவுக்குக் கணக்குப் போடப் போனேன்.

அக்கா, பத்து வருஷம் நின்றுகொண்டே பார்த்த ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, செக்காலை ரோட்டில் இட்லி மாவுக் கடை போட்டிருந்தாள். அரைத்துப் பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுப்பாள். "ஏண்டி, ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தர்றியே, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரைச்சா செலவு கம்மியாகும்னு எனக்குப் போட்டுச் சொல்லேன்" என்றாள்.

உட்கார்ந்து போட்டேன். கொஞ்சமாக அரைத்தால் வாடகையும் ஆள் கூலியும் ஒவ்வொரு கிலோ மேலும் ஏறி உட்காரும். அதிகமாக அரைத்தால் விற்காமல் புளித்துத் திரும்பி வருவது கூடும். இரண்டையும் ஒரு சமன்பாட்டில் எழுதி, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்தினேன். நூற்றிருபது வந்தது. சுற்றிக் கட்டம் போட்டு நீட்டினேன். அவள் அதை வாங்கிச் சுவரில் ஒட்டினாள்.

அந்த அளவில்கூட கிலோவுக்கு நாற்பது ரூபாய் செலவு, அதற்குக் கீழே இறங்காது என்பதையும் பார்த்திருந்தேன். கடைகள் அவளுக்குக் கொடுத்தது முப்பத்தாறு. எத்தனை கிலோ அரைத்தாலும் நஷ்டம்தான். நூற்றிருபதில் கிலோவுக்கு நஷ்டம் கொஞ்சம் கம்மி, அவ்வளவே. அவள் கேட்டது அளவைத்தானே, விலையை இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் சந்தோஷத்தைப் பார்த்தபின் சொல்லத் தைரியம் வரவில்லை. விலை ஏறிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு மாதம், தினமும் எடை போட்டு, ஒரு கிலோ கூடாமல் குறையாமல் அரைத்தாள். விலை ஏறவேயில்லை. போன வாரம் சாயங்காலம் போனபோது கேட்டாள், "கடைக்காரவுக ஒரு ரூபா கூட ஏத்தித் தரமாட்டேங்கிறாக. நீ சொன்னபடிதானே செய்யிறேன், கையில இருந்த காசும்ல கரையுது?"

அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு அரிசி ஊறப்போட்டாச்சேடி. அரைக்கவா, வேணாமா?"

இத்தனைக்குப் பிறகும் என்னைத்தான் கேட்டாள்.